மாட்டுத் துட்டிக்குப் போகிறவர்

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டு, கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, "எப்ப?" என்று கேட்கிறார் நவநீதகிருஷ்ணன்.

"விடியக்காலம் நாலு மணி இருக்கும் அண்ணாச்சி."

"கடைசியா என்ன உள்ள போச்சு?"

"நேத்துப் பொழுது சாய அரை வாளி கழனித்தண்ணி. அதுக்கப்புறம் வாயவே தொறக்கல."

"யாரு வைத்தியம் பாத்தா?"

அரை வாளி என்றதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்கும். சரிதான். போய்ச் சேர்ந்தது அந்த வீட்டுப் பெரியவர் இல்லை, எருமை. பெரியவர் அதோ வாசலில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார். தன் சாவுக்குக்கூட இவ்வளவு முறையாக யாரும் துட்டி கேட்க வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பொறாமை முகத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

சாவு விசாரிக்கப் போகிற துட்டி வீட்டுக்கு என்று எங்கள் பக்கம் சில சட்டங்கள் உண்டு. துண்டு தோளில் இருக்கக் கூடாது. வந்தவரை "வாங்க" என்று கேட்கக் கூடாது. கிளம்புகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லவே கூடாது. சாவு வீட்டுக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால் யாராவது சும்மா விடுவார்களா? பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். மனிதச் சாவுக்கு ஊர் போட்டு வைத்த இந்தச் சட்டத்தையெல்லாம் மாட்டுச் சாவுக்கும் ஒரு நூல் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர் இந்தத் தாலுகாவில் நவநீதகிருஷ்ணன் ஒருவர்தான். செய்முறையிலும் குறை வைக்க மாட்டார். தாயை இழந்த கன்றுக்கு என்று இரண்டு கிலோ பிண்ணாக்குப் பொட்டலம் கையில் இருக்கும்.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டு மேலேயே அவருடைய கடை. பருத்திவிதை, பிண்ணாக்கு, தவிடு, உளுந்துப் பொட்டு என்று மாடு தின்பது எல்லாம் கிடைக்கும். வயது ஐம்பத்தாறு. லாரி கிளப்பும் புழுதியும் மூட்டையிலிருந்து பறக்கும் தவிடும் சேர்ந்து, எந்நேரமும் லேசாக மாவு தடவிய ஆள் மாதிரி இருப்பார். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. போனில் வாடிக்கையாளர்களை எல்லாம் மாட்டை வைத்துத்தான் பதிந்து வைத்திருக்கிறார். 'நரிக்குடி மயிலை', 'திருச்சுழி ஒத்தக்கொம்பு', 'முட்டுற பசு டீச்சர்'. கடைசியாகச் சொன்னவர் ஒருநாள் தற்செயலாக அந்தத் திரையைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் கடைப்பக்கமே வரவில்லை. "மனுசன் பேரு மாறிப்போயிரும். மாடு மாறாதுல்ல" என்பது அண்ணாச்சியின் நியாயம்.

கடைக்கு ஒரு குட்டியானை வண்டி உண்டு. கடையிலிருந்து போகும்போது அதில் மாட்டுக்குத் தீனி இருக்கும். திரும்பும்போது சில நாள் மாடே இருக்கும், அதுவும் தீனிதான். யாருக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். வண்டி எந்த வேலையாக வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஊர்க்காரர்கள் அண்ணாச்சியின் துண்டைத்தான் பார்ப்பார்கள். தோளில் இருந்தால் வியாபாரம். கையில் இருந்தால் யார் வீட்டிலோ தொழுவம் காலி.

இதனால் வந்த வினை, நோய்ப்பட்ட மாடு வைத்திருப்பவன் இவரைக் கண்டாலே நடுங்குகிறான். போன வருசம் ஒரு வீட்டில் பசு படுத்த படுக்கையாகக் கிடக்க, நலம் விசாரிக்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் போனார். வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பனும் மகனும் பதறிப்போய் மாட்டை இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கு அண்ணாச்சி, எந்திரிச்சு நிக்கிது பாருங்க, நீங்க கிளம்புங்க" என்றார்களாம். "மனுசனுக்கு எமன் எருமையில வாரான். எருமைக்கு எமன் குட்டியானையில வாரான்" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு வசனமே உலவுகிறது. அது அவர் காதுக்கும் வந்தது. கோபிக்கவில்லை. வண்டிக்கு நல்ல விளம்பரம் என்று விட்டுவிட்டார்.

கோபிக்கிறவர் அவர் மனைவி சரஸ்வதி. கல்லாப்பெட்டியும் கடைச்சாவியும் அந்த அம்மாளிடம்தான். "உசுரோட இருக்கிற மாட்டுக்குத் தீனி விப்பாருன்னுதான் எங்கப்பா இவுகளுக்குக் கட்டிக் குடுத்தாரு. செத்த மாட்டுக்குத் துட்டி கேப்பாருன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் அப்பவே வேண்டான்னுருப்பேன்" என்று, வந்த ஆள் போன ஆள் எல்லாரிடமும் சொல்லுவார். சொல்லிக்கொண்டே அந்த இரண்டு கிலோ பொட்டலத்தையும் கட்டிக் கொடுப்பார்.

இவ்வளவு கூத்தும் எதற்கு என்றால், ஒரு கல்லுக்கிடங்குக்காக.

ஊரை விட்டுத் தள்ளி, பொட்டலுக்கு நடுவில், கல் எடுத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் அறுபதடிக்குச் செங்குத்து. அடியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். சுவரின் முக்கால் உயரத்தில், ஆளும் ஏற முடியாத, நாயும் எட்ட முடியாத ஒரு பொந்து. அதில்தான் வெள்ளைக் கழுகு இரண்டு குடியிருக்கின்றன. மஞ்சள்முகப் பாறு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. உலகத்திலேயே குறைந்துகொண்டு வருகிற இனமாம். வெள்ளை உடம்பு, இறக்கை ஓரத்தில் கறுப்பு, மஞ்சள் பூசிக் குளித்து வந்த மாதிரி முகம், தலைக்குப் பின்னால் சீப்பு படாத முடி. பறக்கும்போது அரசன் மாதிரி இருக்கும். தரையில் இறங்கிவிட்டால் புதுச்செருப்புக் கடிக்கிற மாப்பிள்ளை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். சாணியைக் கிளறிப் புழுவும் தின்னும், சாணியையே தின்னவும் செய்யும். "சாணி திங்கிற கழுதைக்கா இம்புட்டு உபசாரம்" என்று சரஸ்வதி அம்மாள் கேட்டபோது, "கழுதை இல்ல, கழுகு" என்று மட்டும் அண்ணாச்சி திருத்தினார். சாணியைப் பற்றி மறுத்துப் பேச முடியவில்லை.

அந்தப் பறவை பிழைக்க அதிகம் கேட்பதில்லை. தொந்தரவில்லாத ஒரு பொந்து, கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி, விஷமில்லாத பிணம். முதல் இரண்டும் இந்தக் கரிசல் காட்டில் வேண்டிய மட்டும் கிடக்கிறது. மூன்றாவதுதான் குதிரைக் கொம்பு. மாடு படுத்தால் வலிக்கு என்று ஓர் ஊசி போடுகிறார்கள். மாட்டுக்குப் போடக் கூடாது என்று சட்டம் வந்து வருசம் பலவாகிவிட்டது. ஆனால் மனிதனுக்கு விற்கிற மருந்து மாட்டுக்கு ஏறாமலா போய்விடும்? ஊசி போட்ட மாடு இரண்டொரு நாளில் செத்து, அதைக் கழுகு தின்றால், கழுகுக்குச் சிறுநீரகம் போய்விடும். கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரும், பிறகு விழும். அவ்வளவுதான்.

முன்னெல்லாம் செத்த மாட்டை இழுத்துப் போட ஒரு தெருவையே ஒதுக்கி வைத்து அந்த வேலையை அந்தத் தெருக்காரர்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அந்தக் கேடுகெட்ட வழக்கம் ஒழிந்தது, நல்லதாய்ப் போயிற்று. ஆனால் அவரவர் மாட்டை அவரவரே அப்புறப்படுத்த வேண்டும் என்று வந்த பிறகு, ஆளுக்கு ஒரு டிராக்டரைப் பிடித்துக் கண்ட இடத்தில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எதில் ஊசி இருக்கிறது, எதில் இல்லை என்று கழுகா மோந்து பார்க்கும்?

அப்படிக் கண்ட இடத்தில் தள்ளியவர்களில் நவநீதகிருஷ்ணனும் ஒருவர். ஐந்து வருசத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் பசு ஒன்று மூன்று ஊசிக்குப் பிறகும் எழுந்திரிக்காமல் செத்தது. கல்லுக்கிடங்கு ஓரம் தள்ளிவிட்டு வந்து தலை முழுகினார். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு பெண் வந்தது. சுவாதி என்று பெயர், பறவைகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளை. "கிடங்குப் பக்கம் மாட்டைப் போட்டது யாருங்க?" என்று கேட்டது. நாற்றத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறது என்று நினைத்து இவரும், "நான்தான் போட்டேன், என்ன இப்ப?" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அது கையிலிருந்த சாக்கை அவிழ்த்துக் காட்டியது. உள்ளே ஒரு வெள்ளைக் கழுகு, கழுத்து துவண்டு கிடந்தது.

ஊசி ஏறிய மாட்டைத் தின்றுதான் செத்தது என்றது பிள்ளை. "மூணே மூணு ஊசிக்கா?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணே போதும்" என்றிருக்கிறது அது.

அன்று சாயங்காலமே கிடங்குக்குப் போனார். பொந்து வாசலில் மிச்சமிருந்த இன்னொன்று ஒற்றையாக உட்கார்ந்திருந்தது. இவர் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதுதான் அவர் போன முதல் துட்டி. "நான் கொன்னுட்டேன்ல. வேற யாரு போயிக் கேப்பா?" என்று இன்றைக்கும் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். உடனே மூக்கைச் சிந்திவிட்டு, தவிட்டுத் தூசி என்பார்.

ஒரு வருசம் அது ஒற்றையாகவே இருந்தது. மறு வருசம் எங்கிருந்தோ அதற்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவருக்கெல்லாம் காராச்சேவுப் பொட்டலம். "என்ன விசேசம் அண்ணாச்சி, பிள்ளைக்கு நிச்சயமா?" என்று கேட்டவர்களிடம், "மருமக வந்திருக்கா" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சிக்குப் பிள்ளைகள் இல்லை என்பது வாங்கித் தின்று முடித்த பிறகுதான் சிலருக்கு ஞாபகம் வந்தது. ஆண் எது பெண் எது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம் என்று சுவாதி போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. "நடையப் பாத்தாத் தெரியாதாக்கும்" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்துதான் இந்தத் துட்டி. ஊசி போடாமல் செத்த மாடு என்றால் கேட்டு வாங்கிக் கிடங்கு ஓரம் போடுவது, ஊசி போட்டது என்றால் காலில் விழுந்தாவது ஆழக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்வது. அதற்குத்தான் அந்த மூன்று கேள்வி. எப்ப, கடைசியா என்ன உள்ள போச்சு, யாரு வைத்தியம் பாத்தா. துட்டி வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கேள்வி சுலபம். பதிலில்தான் எங்கள் ஊர் தன் குணத்தைக் காட்டும். துட்டி வீட்டில் யாராவது "வைத்தியமே பாக்கல" என்று ஒப்புக்கொள்வார்களா? மானம் போய்விடாதா? ஒரு வாய்ச் சுக்குத்தண்ணிகூடக் காட்டாதவன், "பாக்காத வைத்தியமில்ல அண்ணாச்சி, ஏழு ஊசி, மதுரையிலருந்து மருந்து" என்று அடித்துவிடுவான். அவன் சொன்னதை நம்பி, சுத்தமான எருமைகளைக் குழி வெட்டிப் புதைத்த நாளெல்லாம் உண்டு. அங்கே கழுகு பட்டினி, இங்கே இவனுக்கு மானம்.

அடிபட்டு அடிபட்டு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். துட்டி வீட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமல் எழுந்து, நேரே பக்கத்து வீட்டுக்குப் போவார். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடாக இருந்தால் ரொம்ப நல்லது. அங்கே தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "பாவம், ஏழு ஊசியாம்ல" என்று ஒரு தூண்டில் போடுவார். "ஏழா? அந்த வீட்டுல ஏழு ஊசியா? அட போங்க அண்ணாச்சி, அந்த மனுசன் கால்ல முள்ளு ஏறுனா எடுக்கவே எங்க வீட்டுல வந்துதான் ஊசி வாங்கிட்டுப் போவாரு" என்று உண்மை தானாகக் கொட்டும். பகையாளி வீட்டுத் தண்ணிதான் பரிசோதனைக் கூடம் என்று சுவாதியிடமே பெருமையடித்திருக்கிறார்.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த வைகாசியில் ஆப்பு வந்தது.

பொந்தில் குஞ்சு பொரித்திருந்தது, ஒரே ஒரு குஞ்சு. கறுப்பும் பழுப்புமாக, தவிட்டு மூட்டைக்குள் விழுந்து எழுந்த கோழி மாதிரி இருக்கும். அண்ணாச்சி கிடங்குக் கரையில் தன் கையாலேயே பலகை எழுதி நட்டார்: 'சத்தம் போடாதீர். கல் எறியாதீர். பிள்ளை இருக்கிறது.' ஆடு மேய்க்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சரி, ஆட்டுக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?" என்றார்கள். அவர் மட்டும் தினம் போய் வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்து வருவார். அடக்கிய தும்மல் திரும்பும் வழியில் வண்டிக்குள் வெடிக்கும்.

பதினோரு நாளாக ஒரு சாவும் இல்லை. நல்ல மழை பெய்து, மாடெல்லாம் திண்ணென்று இருந்தது. கடையில் வியாபாரம் கொழிக்க, அண்ணாச்சி முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது. "ஊரே நல்லாருக்குன்னு அழுகுற மனுசன நான் இப்பத்தான் பாக்கேன்" என்றார் சரஸ்வதி.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாமல் போன் வந்தது. திருச்சுழி ரோட்டில் ஒரு கிராமத்துச் சந்தனம்மாளின் செவலைப் பசு செத்துப்போயிற்று. அண்ணாச்சி வேட்டியைக் கட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள், துட்டிக்குக் கிளம்புகிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதுதான் முகத்தைத் தொங்கவிட்டார்.

"பாக்காத வைத்தியமில்ல அண்ணாச்சி" என்று மூக்கைச் சிந்தினார் சந்தனம்மாள். "அஞ்சு ஊசி. ராசாத்தி மாதிரி வச்சிருந்தேன்."

அடுத்த வீடு அருஞ்சுனை வீடு. முருங்கைமரம் யாருடைய எல்லையில் நிற்கிறது என்று இரண்டு பெண்களுக்கும் ஒன்பது வருசமாகப் பேச்சு இல்லை. அண்ணாச்சி தண்ணீர் வாங்கிக் குடித்தார். தூண்டிலைப் போட்டார்.

"அஞ்சு ஊசியா?" அருஞ்சுனை சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வேப்பெண்ணெ தடவியிருப்பாளா கேளுங்க. மாடு ரெண்டு நாளா கத்துச்சு, இவ டிவி பாத்துக்கிட்டு இருந்தா. ஊசியாம் ஊசி!"

அது போதும் அண்ணாச்சிக்கு. செவலையை ஏற்றிக்கொண்டு போய், ஏழரை மணிக்கெல்லாம் கிடங்கு ஓரம் இறக்கிவிட்டார். வெயில் ஏறிக் காற்று சூடாகும் வரை கழுகு மேலே எழும்பாது. ஒன்பதரை, பத்து ஆகும். அதற்குள் கடையைத் திறந்துவிட்டு வந்து ஒளிந்து உட்காரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பாட்டுக்கூடப் பாடியபடி திரும்பினார்.

ஒன்பது மணிக்குத் தவசி தவிடு வாங்க வந்தார். படிக்காத வைத்தியர், பைக்கில் பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக மாட்டுக்கு ஊசி போடுகிறவர். அண்ணாச்சி அவரிடம் பலமுறை கெஞ்சி, அந்த வலி ஊசியைத் தொடமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"சந்தனம்மா பசு போயிருச்சாம்ல" என்றார் தவசி, தவிட்டை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தபடி. "முந்தாநாளு ஒண்ணு, நேத்து ரெண்டு. மூணு ஊசிக்கும் கேக்கல பாத்துக்கிடுங்க."

"என்ன ஊசி?"

தவசி தவிட்டை ஊதுவதை நிறுத்தினார். "அந்தம்மா ஓன்னு அழுதுச்சு அண்ணாச்சி. மாடும் வலியில கெடந்து கத்துச்சு. எங்கிட்ட வேற ஸ்டாக்கு இல்ல, அந்தப் பழசுதான்..."

அண்ணாச்சி தராசிலிருந்த இரண்டு கிலோ படிக்கல்லைக் கையில் பிடித்தபடியே ஓடினார். அடிக்கத்தான் ஓங்குகிறார் என்று தவசி மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார். அண்ணாச்சி பாய்ந்தது வண்டிக்கு. "சரசு! ஜேசிபிக்குச் சொல்லு! குழி! கிடங்குக்கு!" என்று கத்திக்கொண்டே கிளப்பினார். அருஞ்சுனை பொய் சொல்லிவிட்டாள். சந்தனம்மாள் ஐந்து என்று கூட்டிச் சொன்னாளே தவிர, ஊசி உண்மை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துட்டி வீட்டில் முக்கால்வாசி உண்மை பேசியிருக்கிறார்கள், அதைப் போய் நம்பாமல் விட்டுவிட்டோமே என்று வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்.

கிடங்குக்குப் போய்ச் சேரும்போது இரண்டும் வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. நிழல் செவலையின் மேல் விழுந்து விழுந்து போயிற்று.

அண்ணாச்சி பிணத்துக்கு முன்னால் போய் நின்று துண்டைச் சுழற்றினார். "ச்சூ! ச்சூ!" என்றார். நான்கு வருசமாக அந்த இடத்தில் இருமக்கூட இருமாத மனிதர், தான் எழுதிய பலகைக்குக் கீழேயே நின்று தொண்டை கிழியக் கத்தினார். "ஏலே! போயிருங்கலே! திங்காதீகலே!"

கழுகுகளுக்கு இது ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. மற்ற மனிதரைக் கண்டால் அரை மைல் தள்ளிப் போகிறவை, இவரைக் கண்டால் போகாது. புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்ததாக இவர்தான் இத்தனை நாளும் நினைத்தார். சோறு போடுகிற ஆள் என்று அவை எப்போதோ பார்த்து வைத்துவிட்டன. மருமகள் இறங்கியே விட்டாள். பத்தடி தூரத்தில், காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பதினோரு நாள் பசியோடு நேரே வந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. அந்த மஞ்சளைப் பார்த்ததும் ஒரு கணம் கை தாழ்ந்துவிட்டது.

அப்புறம் குனிந்து வலது காலின் செருப்பைக் கழற்றி எறிந்தார்.

அது அவள் காலடியில் விழுந்தது. அவள் செருப்பைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், செருப்பைத் தின்னலாமா என்று அலகால் தட்டிப் பார்த்தாள். அண்ணாச்சி இடது செருப்பையும் கழற்றி ஓங்கினார். எறிய முடியவில்லை. ஓங்கிய செருப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அப்படியே கும்பிட்டார். "போயிரு தாயி. ஒருத்திய நான் ஏற்கனவே கொன்னுட்டேன். போயிரு" என்று அழுதே விட்டார். இந்த முறை அங்கே தவிட்டுத் தூசி எதுவும் இல்லை.

அழுகைக்குப் போனாளோ, பின்னால் புழுதி கிளப்பி வந்த ஜேசிபிக்குப் பயந்து போனாளோ, இறக்கையை விரித்து எழும்பிப் பொந்துக்குப் போய்விட்டாள். எதற்குப் போனாள் என்பதில் அண்ணாச்சிக்கு மட்டும் சந்தேகம் இல்லை.

நாய் தோண்ட முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டிச் செவலையை இறக்கி மூட ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜேசிபி ஓட்டி வந்தவர் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கட்டைப்பையை எடுத்து நீட்டினார்.

"மதினி குடுத்து விட்டாக. ஆட்டுக்குடலும் சவ்வும். 'பிள்ளைக்கு'ன்னு சொல்லச் சொன்னாக."

அண்ணாச்சி பையை வாங்கவில்லை. "யாரு வீட்டு ஆடு? ஊசி கீசி..."

"அதெல்லாம் மதினி விசாரிச்சுட்டாக அண்ணாச்சி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறிக்கடை வாசல்ல வந்து நின்னு, 'ஆடு செத்தது எப்ப, கடைசியா என்ன உள்ள போச்சு, யாரு வைத்தியம் பாத்தா'ன்னு வரிசையா கேட்டாகளாம். கறிக்கடைக்காரரு கத்தியக் கீழ வச்சுட்டு முழிக்காரு. கடைத் துண்டு ஒண்ணு வேற அவுக கையில இருந்துச்சாம்."

அண்ணாச்சி பையை வாங்கிக்கொண்டார். வழக்கமான பாறையில் குடலைப் பரப்பிவிட்டு, புதருக்குப் பின்னால் ஒளியாமல் சும்மா வெட்டவெளியிலேயே தள்ளிப் போய் நின்றார். கால்மணி நேரத்தில் மருமகள் இறங்கினாள். ஒரு நீளக் குடலைக் கவ்விக்கொண்டு, அது பின்னால் ஆட, பொந்துக்கு ஏறினாள். உள்ளேயிருந்து பழுப்புத் தலை ஒன்று வெளியே நீண்டது.

சந்தனம்மாளுக்கு இந்தச் செய்தி அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. "எம் மாட்டுக்கு மிசினு வச்சுக் குழி வெட்டுனாக" என்று முருங்கைமரத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஊசி எண்ணிக்கை எட்டுக்குப் போயிருக்கிறது. அண்ணாச்சி இப்போதெல்லாம் பகையாளி வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தவசிக்கும் ஒரு போன் போடுகிறார்.

அன்றைக்குக் கிடங்கை விட்டுக் கிளம்பும்போது நடந்ததை ஜேசிபிக்காரர்தான் சொன்னார். அண்ணாச்சி எறிந்த செருப்பைப் போய் எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டிக்கு நடந்தார். பிறகு நின்று, துட்டி வீட்டில் செய்யவே கூடாதபடி திரும்பிப் பார்த்தார். கையில் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பட்டென்று உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பொந்தைப் பார்த்து, அறுபதடிச் சுவரும் திருப்பிச் சொல்லும்படி உரக்கச் சொன்னார்: "போயிட்டு வாரேன்!"